வீட்டை நோக்கி மிதியுங்கள், தம்பி

பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரம் இருக்கும் வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 24, கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கன்னியாகுமரியில் தொடங்கிக் காஷ்மீர் வரை தனியாகச் சைக்கிளில் போக வேண்டும் என்று இரண்டு வருடமாக ஆசை. என்ன சைக்கிள் வாங்குவது, எத்தனை நாள் ஆகும், எவ்வளவு பணம் வேண்டும், சாதாரண ஆளால் முடியுமா, இந்தி தெரியாமல் முடியுமா, அம்மா பயப்படுகிறார், அவருக்கு என்ன சொல்வது என்று அடுக்கடுக்காகக் கேள்விகள்.

நான் கொழிஞ்சாம்பாறையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. 2022 செப்டம்பரில், என் 44ஆம் வயதில், ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை தனியாக மிதித்து வந்தேன். 57 நாள் ஆனது. அந்த 57 நாளையும் முப்பது வருடக் கடை அனுபவத்தையும் வைத்துக்கொண்டுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரியில் தொடங்காதீர்கள். ரயிலில் வடக்கே போய், காஷ்மீரில் சைக்கிளை இறக்கி, அங்கிருந்து வீட்டை நோக்கி வாருங்கள். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் இதிலிருந்துதான் பதில் வருகிறது.

நாம் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் பிறந்தவர்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த இடைவெளி இது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியின் பொருள் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று, பொள்ளாச்சிக்குப் போகிறவனைத் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வருகிறவனை இறங்கித் தள்ள வைத்துவிடும். கார்த்திகை, மார்கழியில் அது அப்படியே மாறி, கிழக்கிலிருந்து வறண்ட காற்றாக வீசும். மலையாளிகள் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். என் அப்பா வாடகை சைக்கிள் எடுக்க வரும் பையன்களுக்கு ஒன்று சொல்வார்: எதிர்காற்றை முதலில் முடித்துவிடு, தள்ளுகிற காற்றை வீட்டுக்கு வர வைத்துக்கொள். நாட்டைக் கடக்கும் பயணத்துக்கும் அதுவேதான்.

எதிர்காற்றை மன உறுதியால் வென்றுவிடலாம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. காற்றின் தடை, நம்மேல் மோதும் காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காற்றே இல்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உங்கள்மேல் மோதுவது 15 கிலோமீட்டர் காற்று. எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது அதே வேகத்தில் போக முயன்றால் மோதுவது 35. தடை ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. எந்தக் காலாலும் அதை நாள் முழுக்கத் தாங்க முடியாது. காற்றோடு போராடுவதைவிடக் காலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அந்தக் காலம் செப்டம்பர் நடுவில் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் 17 வாக்கில் மேற்கு ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்கி, அக்டோபர் 15 வாக்கில் நாடு முழுவதிலிருந்தும் விலகிவிடும் என்பது வானிலைத் துறையின் வழக்கமான கணக்கு. நீங்கள் செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் ஸ்ரீநகரில் புறப்பட்டால், விலகிப்போகும் மழையின் முதுகைப் பார்த்தபடியே தெற்கே வரலாம். மழை விட்ட பிறகு வட இந்தியச் சமவெளியில் பெரும்பாலும் மெல்லிய வடமேற்குக் காற்றுதான். பின்னாலிருந்து ஒரு கை லேசாகத் தொட்டுக்கொண்டிருப்பதுபோல இருக்கும். ஒரு நாள் கூட எதிர்காற்று வராது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஜான்சி அருகே ஒரு நாள் முழுக்க மழையில் ஒரு பெட்ரோல் நிலையத்தின் கூரையடியில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் நாள்கள் உங்கள் பக்கம் இருக்கும். மாறாக, இங்கிருந்து ஜனவரியில் புறப்பட்டால் தமிழகத்தில் வாடைக்காற்று முகத்தில் அடிக்கும்; காஷ்மீர் சேரும்போது மலைச்சாலையில் பனியும் நிலச்சரிவும் காத்திருக்கும். மார்ச்சில் புறப்பட்டால் நாக்பூரைச் சுற்றியுள்ள விதர்பாவின் வெயிலில் ஏப்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். அந்த வெயில் உயிரை எடுக்கும் வெயில்.

இன்னொரு காரணம் அதிகம் பேர் கவனிக்காதது. உங்கள் சாலை நேர் வடக்கு தெற்காக ஓடுகிறது. காலை வெயில் இடப்புறம், மாலை வெயில் வலப்புறம். கிழக்கு மேற்காக ஓடும் சாலையில் காலையிலும் மாலையிலும் சூரியன் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே நிற்கும். முன்னால் போகும் சைக்கிள் அவருக்குத் தெரியாது. இந்தச் சாலையில் அந்த ஆபத்து குறைவு.

தெற்கே வருவதால் எல்லாம் இறக்கம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஸ்ரீநகர் ஏறத்தாழ 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டில்லி சமவெளிக்கு வந்ததும் அந்த உயரமெல்லாம் தீர்ந்துபோகும். அதன்பின் நர்மதையைத் தாண்டிச் சாத்பூரா மேடு, அப்புறம் தக்காணம். அனந்தபூரிலிருந்து பெங்களூர் வருவதற்குள் 500 மீட்டருக்கு மேல் ஏறியிருப்பீர்கள்.

போய்ச் சேருவது எப்படி? கன்னியாகுமரியிலிருந்து கட்ரா வரை போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை நம் பாலக்காடு வழியாகத்தான் போகிறது. மூன்று இரவுகள் ரயிலிலேயே கழியும். சைக்கிளைப் பார்சலில் போடுவதென்றால் முதல் நாளே பார்சல் அலுவலகத்துக்குப் போங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பிக் கட்டி, பின்பக்கக் கியர் இருக்கும் இடத்தில் சாக்கை இரண்டு மடிப்பாகச் சுற்றித் தைத்துவிடுங்கள்; பார்சல் வண்டியில் அடிபடுவது அந்த இடம்தான். ஜம்முவில் இறங்கி, அங்கிருந்து ஸ்ரீநகருக்குப் போகும் வண்டிகளின் கூரையில் ஏற்றிவிடலாம். அந்த ரயில் பயணம் வீண் என்று நினைக்காதீர்கள். மூன்று நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, திரும்பி மிதித்து வரப்போகும் நாட்டைக் கண்ணால் அளந்துகொண்டே போகலாம். நாக்பூர் வந்தபோது நான் முதல்முறையாகப் பயந்தேன். அந்தப் பயம் அப்போதே வந்தது நல்லதாயிற்று; சாலையில் வந்திருந்தால் இறங்கியிருப்பேன்.

இனி வழி. தேசிய நெடுஞ்சாலை 44 ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை அதுதான். 2010இல் எண்களை மாற்றியபோது பழைய ஏழாம் எண் சாலையின் பெரும்பகுதியையும் இன்னும் பல சாலைகளையும் சேர்த்து இந்த ஒற்றை எண்ணைக் கொடுத்தார்கள். சுற்றுவழிகளைத் தவிர்த்து வந்தால் சைக்கிளுக்குச் சுமார் 3,700 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் ஐந்து நாள்தான் உடலுக்குச் சோதனை. பாம்பூரின் குங்குமப்பூ வயல்களையும், சங்கம் என்ற ஊரில் சாலையோரம் அடுக்கி வைத்திருக்கும் வில்லோ மரக் கிரிக்கெட் மட்டைகளையும் பார்த்துக்கொண்டே காசிகுண்ட் வரை சமமாக வந்துவிடுவீர்கள். அங்கே மலை எழுந்து நிற்கும். பனிஹாலுக்குப் போகும் 8.5 கிலோமீட்டர் சுரங்கத்தின் வாயிலில் இருந்த காவலர்கள், உள்ளே மிதிக்க விடாமல், என்னையும் சைக்கிளையும் ஒரு சரக்கு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நல்லதுதான் செய்தார்கள். அடுத்து ராம்பனில் செனாப் ஆற்றோரம் தூசியும் ஆப்பிள் லாரிகளும். அந்தப் பகுதியில் மழை பெய்தால் ஒரு நாள் தங்கிவிடுங்கள். மேலேயிருந்து கல் உருளும். பிறகு 9 கிலோமீட்டருக்கு மேல் நீளமான செனானி நாஷ்ரி சுரங்கம் வருகிறது. 2017இல் திறந்தது. அதற்குள் போக நினைக்காமல், பழைய சாலையில் பட்னிடாப் ஏறுங்கள். உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர். போக்குவரத்தெல்லாம் சுரங்கத்துக்குள் போய்விட்டதால் தேவதாரு மரங்களுக்கு நடுவே அந்தப் பழைய சாலை ஏறக்குறைய உங்களுக்கு மட்டுமே.

நான் அந்த ஏற்றத்தில் பாதியைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். தள்ளுவது தோல்வி என்று நினைக்கும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். 1884இல் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர், முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருக்கும் பழைய வகைச் சைக்கிளில், சான்பிரான்சிஸ்கோவில் ஏப்ரல் 22ஆம் தேதி புறப்பட்டு, ஆகஸ்ட் 4ஆம் தேதி பாஸ்டன் சேர்ந்தார். அமெரிக்காவைச் சைக்கிளில் கடந்த முதல் மனிதர் அவர்தான். பாதை இல்லாத மலைகளிலும் மணலிலும் அவர் தள்ளிக்கொண்டு நடந்த தூரம் கொஞ்சமல்ல. நம் நாட்டிலிருந்தே 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் ஆறு பேர் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். அவர்களில் அடி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூன்று பேர் சுற்றி முடித்து 1928இல் ஊர் திரும்பினார்கள். புனேயைச் சேர்ந்த வேதாங்கி குல்கர்ணி 2018இல் 159 நாளில் உலகைச் சுற்றி முடித்தபோது வயது 20. சாதாரண ஆளால் முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். அதற்கு வேண்டியது பெரிய உடம்பு அல்ல. நாளுக்கு நாள் கணக்காக இருக்கும் குணம்.

அந்தக் குணம் எனக்குப் பஞ்சாபில் தவறியது. மலை முடிந்து சமவெளி வந்த மகிழ்ச்சி. சாலை பலகை போட்டதுபோல் சமம், பின்னால் காற்று. நாளுக்கு 80 கிலோமீட்டர் என்று நானே போட்ட வரம்பை மறந்து, லூதியானாவில் புறப்பட்டவன் குருக்ஷேத்திரம் அருகே பிப்லி வரை ஒரே நாளில் 150 கிலோமீட்டர் வந்துவிட்டேன். இரவு பெருமையாகத் தூங்கினேன். காலையில் வலது முழங்காலை மடக்க முடியவில்லை. மருத்துவமனையில் என் அரைகுறை இந்தியைக் கேட்டுவிட்டு, செவிலியர் ஒருவர் நாட்டிலே எவிடெயா, ஊரில் எங்கே, என்று மலையாளத்தில் கேட்டார். கோட்டயத்துக்காரர். பாலக்காடு என்றதும் மருத்துவரிடம் எல்லாவற்றையும் அவரே எடுத்துச் சொன்னார். மூன்று நாள் படுக்கை. 70 கிலோமீட்டர் அதிகமாக வந்ததற்கு 240 கிலோமீட்டர் இழப்பு. அன்றிலிருந்து ஒரே விதி வைத்தேன்: இன்னும் 20 கிலோமீட்டர் போகலாம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஆறு நாள் மிதித்தால் ஏழாம் நாள் ஓய்வு. இப்படிப் போட்டால் 3,700 கிலோமீட்டருக்கு 55 நாள் வரும். தொழிற்சாலையில் இரண்டு மாத விடுப்பு கேளுங்கள். 40 நாள்தான் தருவார்கள் என்றால், டில்லியிலிருந்தோ நாக்பூரிலிருந்தோ தொடங்குங்கள். அவசரமாக நாட்டைக் கடப்பதில் ஒன்றுமில்லை.

சைக்கிளைப் பற்றி நான் நாள் முழுக்கப் பேசுவேன். சுருக்கிச் சொல்கிறேன். இரும்புச் சட்டம் உள்ளதாக வாங்குங்கள். அலுமினியம் இலேசாக இருக்கும். ஆனால் கேரியர் தாங்கி முறிந்தால் இரும்பை எந்த வெல்டிங் கடையிலும் ஒட்டிவிடலாம், அலுமினியத்தை முடியாது. டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கியர் எத்தனை என்பது முக்கியமல்ல; மிக இலேசான கியர் எவ்வளவு இலேசு என்பதே முக்கியம். சுமையோடு பட்னிடாப் ஏறும்போது கால் சுற்ற வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் முழங்கால் போகும். சீட்டின் உயரத்தைக் கவனியுங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துப் பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறார்கள். முழங்கால் வலிக்கு முதல் காரணம் அதுதான்.

உடைவது பின்சக்கரம். அதிலும் செயின் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பி. சுமை முழுவதும் அங்கே விழுகிறது. என் கம்பி ஆதிலாபாத் தாண்டி உடைந்தது. சரியான நீளத்தில் நான்கு கம்பிகளைச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பக்கத்துக் கம்பியை மாற்ற முதலில் பின்கியரைக் கழற்ற வேண்டும். அதற்கென்று இருக்கும் சிறு கருவி இல்லாமல் போனால் கம்பி இருந்தும் பயனில்லை. அந்தக் கருவி உள்ளங்கையில் அடங்கும், மறக்காதீர்கள். புறப்படும் முன் சக்கரத்தின் கோட்டம் எடுக்க நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். கடைக்கு வாருங்கள், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

டியூப் வாங்கும்போது கார் டயரில் இருப்பதுபோன்ற தடித்த வால்வு உள்ளதைக் கேளுங்கள். நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு லாரி டயர் கடை இருக்கும். அந்தக் காற்றுக் குழாய் அந்த வால்வில்தான் பொருந்தும். ஆனால் லாரிக்கு அடிக்கிற வேகத்தில் அடித்தால் உங்கள் டியூப் வெடித்துவிடும். குழாயை நீங்களே கையில் வாங்கி, விட்டு விட்டு அடியுங்கள். பெரிய நகரங்களுக்கு வெளியே உங்கள் அளவு டயர் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு மடிக்கிற டயர் ஒன்று பையில் இருக்கட்டும். செயினுக்கு ஓர் எளிய சோதனை சொல்கிறேன். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கும். அது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் மாற்றிவிடுங்கள்; இன்னும் விட்டால் பல் சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். நான் ஐதராபாத்தில் மாற்றினேன்.

மொத்தச் சுமை 12 கிலோவைத் தாண்டக் கூடாது. எடுத்துப்போக வேண்டியதைப் பட்டியல் போட மாட்டேன். நீங்கள் கட்டிய மூட்டையை ஒரு வாரம் கழித்துப் பிரித்து, தொடாமல் இருந்ததையெல்லாம் எடுத்து வையுங்கள். மழைக்கோட்டும், ஒளிர்ந்து காட்டும் மேல்சட்டையும், பின்னால் எரியும் சிவப்பு விளக்கும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குறைய வேண்டாம்.

சாலையில் உயிரைக் காப்பது எது என்று எனக்குச் சொன்னவர் ஒரு லாரி ஓட்டுநர். லக்னாதோன் அருகே ஒரு தாபாவில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தேன். நாலு நாளாகச் சோறு கண்ணில் படவில்லை. நிறுத்தியிருந்த லாரியில் டிஎன் 34 என்று எண். திருச்செங்கோட்டு வண்டி. அதன் நிழலில் ஒருவர் அடுப்பு மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். என் பையில் தமிழில் ஊர்ப்பெயர் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, உட்காருங்கள் அண்ணா என்றார். மிளகு ரசம். அதன் சுவையை என்னால் எழுத முடியாது. சாப்பிட்டு முடித்ததும் அவருடைய இருக்கையில் என்னை ஏற்றி உட்கார வைத்து, இடப்புறக் கண்ணாடியைக் காட்டினார். வண்டியை ஒட்டி நின்ற என் சைக்கிள் அதில் தெரியவே இல்லை. லாரியின் இடப்பக்கம் முன் சக்கரத்தை ஒட்டி ஓர் இடம் ஓட்டுநருக்குக் குருடு, நின்றிருக்கும் லாரியின் இடப்பக்கமாக ஒருபோதும் நுழையாதீர்கள் என்றார். இருட்டு விழும் நேரத்தில் சாலையில் இருக்காதீர்கள். அந்த நேரத்தில் நாங்கள் 12 மணிநேரம் ஓட்டியிருப்போம் என்றார். இந்த இரண்டையும் நான் கன்னியாகுமரி வரை மீறவில்லை. விடிந்ததும் புறப்பட்டு 11 மணிக்கு ஒதுங்குவேன். 3 மணிக்கு ஏறி 5 மணிக்கு முடித்துவிடுவேன். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, எந்த அவசரத்துக்கும் 112. இரண்டையும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மயங்கி விழுந்தவனின் போனைப் பிறரால் திறக்க முடியாது.

சில சாலைகளில் சைக்கிளை விட மாட்டார்கள். விரைவுச்சாலைகள், ஐதராபாத்தின் வெளிவட்டச் சாலை போன்றவை. அவற்றுக்குப் பக்கத்திலேயே பழைய சாலையோ சேவைச் சாலையோ இருக்கும். டில்லியிலிருந்து ஆக்ராவுக்கு பல்வல், மதுரா வழியான பழைய சாலைதான் உங்களுக்கு.

ஆறுகளை எண்ணிக்கொண்டே வாருங்கள். தூரத்தைவிட அது மனத்துக்குத் தெம்பு. தோல்பூர் தாண்டியதும் சம்பல், இருபுறமும் மண் கரைந்த பள்ளத்தாக்குகளோடு. பர்மானில் நர்மதை. நிர்மலுக்குப் பின் கோதாவரி. பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணா. கர்நூல் நுழையும்போது துங்கபத்திரை. நர்மதைக்கும் நாக்பூருக்கும் நடுவே பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிச் சாலை போகிறது. விலங்குகள் அடியில் கடந்து போக நெடுஞ்சாலையையே தூணில் தூக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியைப் பட்டப்பகலில், நிற்காமல் கடந்துவிடுங்கள்.

மொழியைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டியதே இல்லை. தமிழில் படித்து, மலையாளத்தில் ரேஷன் வாங்கி, பஸ்ஸின் பலகையை இரண்டு எழுத்திலும் வாசித்து வளர்ந்தவர்கள் நாம். முன்னால் நிற்பவரின் முகத்தைப் பார்த்து மொழியை மாற்றும் பழக்கம் எல்லைக்காரனுக்கு இரத்தத்தில் இருக்கிறது. ஐம்பது இந்திச் சொற்கள் போதும்: தண்ணீர், இடது, வலது, தங்க இடம், எவ்வளவு, வலி, நன்றி. தெற்கே வர வர மொழி தானாக இலேசாகிக்கொண்டே வரும். ஆதிலாபாத்தில் தெலுங்கு காதில் விழுந்ததும் பாதி புரிந்தது. ஓசூரில் ஒரு தேநீர்க் கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வடக்கே போயிருந்தால் இது தலைகீழாக நடந்திருக்கும். உடல் களைக்கக் களைக்க மொழியும் கைவிட்டுக்கொண்டே போயிருக்கும்.

செலவு எனக்கு நாளுக்குச் சராசரி 800 ரூபாய் ஆனது. இப்போது 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயிலும் சைக்கிளும் தனி. பஞ்சாபில் குருத்வாராக்களில் தலையை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் சாப்பாட்டுக்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள். பல இடங்களில் தங்கவும் விடுவார்கள். இலவசம் என்று எண்ணி உட்காராதீர்கள். சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் போய் அரை மணிநேரம் நில்லுங்கள். பையில் எப்போதும் நம் ஊர்க் கடலையும் வெல்லமும் இருக்கட்டும். பசி எடுக்கும் முன் மணிக்கொரு கைப்பிடி. தண்ணீரில் நாளுக்கு இரண்டு பொட்டலம் உப்புச் சர்க்கரைக் கரைசல்.

தொப்பூர்க் கணவாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் அந்தச் சரிவில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதிய விபத்துகளை நீங்களும் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். ஊர் நெருங்கிவிட்ட உற்சாகத்தில் அங்கே சைக்கிளை விட்டுவிடத் தோன்றும். காலை முதல் வெளிச்சத்தில், ஓரத்திலேயே, இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்து இறங்குங்கள். முதல் நாள் தர்மபுரியில் பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.

இனி அம்மா. என் அம்மாவும் பயந்தார்கள். பயப்படாதே என்று சொல்லி எந்தத் தாயின் பயமும் போனதில்லை. அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். நான் தினமும் மாலை 7 மணிக்கு அழைப்பேன். எந்த ஊர் என்று சொல்வேன். அம்மா அன்றைய நாட்காட்டித் தாளில் அதை எழுதி வைப்பார்கள். 7 மணிக்கு அழைப்பு வராவிட்டால் 9 மணி வரை பொறுப்பது, அதன்பின் என் தம்பிக்குச் சொல்வது என்று முன்னமே பேசி வைத்தோம். இதற்காகவே ஒன்று: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எண்ணாக மாற்றிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் முதல் ஐந்து நாளும் அம்மா தூங்க மாட்டார்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு அம்மா என் ஊர்ப்பெயரைக் கேட்டுவிட்டு, நாளைக்கு எந்த ஆறு என்று கேட்கத் தொடங்கினார்கள். எந்தத் திசையில் வருகிறேன் என்பது அவர்களுக்கும் தெம்பாக இருந்தது. ஒவ்வொரு தாளும் என்னைக் கிட்டே கொண்டுவந்தது.

சேலத்தில் சாலை பிரிகிறது. 44ஆம் எண் நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை என்று குமரிக்குப் போகிறது. 544ஆம் எண் மேற்கே திரும்பிக் கோவை, வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்கு வருகிறது. அந்தப் பிரிவில் அரைமணிநேரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேர்க்கோட்டில் போய் முடிப்பதுதான் முறை என்று மனம் சொன்னது. நான் மேற்கே திரும்பினேன். மூன்றாம் நாள் வாளையாறு தாண்டியபோது கிழக்குக் காற்று தொடங்கியிருந்தது. கணவாயின் வாயில் அந்தக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. அப்பா சொன்ன காற்று. வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு, பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாகத் திண்டுக்கல் போய்ப் பழையபடி 44இல் சேர்ந்து குமரியில் முடித்தேன். நீங்களும் சேலத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம்.

பயிற்சிக்கு ஊரிலேயே எல்லாம் இருக்கிறது. ஆடி பிறந்ததும் சுமை கட்டிக்கொண்டு பொள்ளாச்சி போய், எதிர்காற்றில் திரும்பி வாருங்கள். வாரம் மூன்று முறை. ஆவணியில் ஒரு ஞாயிறு, ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வால்பாறை சேருங்கள். யானை நடமாட்டம் உள்ள வழி, நன்றாக விடிந்த பிறகு சோதனைச் சாவடியில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். மறுநாள் காலையில் முழங்கால் மடங்குகிறதா என்று பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். சைக்கிள் வாங்கும் முன் கடைக்கு ஒருமுறை வாருங்கள். உங்கள் காலின் அளவு எடுத்துச் சட்டத்தின் உயரம் சொல்கிறேன். பின்சக்கரத்தை 36 கம்பியில் நாமே சேர்ந்து கட்டிவிடலாம்.